சக்கரத்தின் ஆட்டம்
மலைப்பாதைக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டிகளின் பேரிங் பற்றிச் சில அனுபவங்கள்

தராசுக்குக் காலக்கெடு தவறாமல் முத்திரை வைக்கிறோம். கிடங்கில் எலி புகுந்ததா, புளியில் ஈரம் ஏறியதா, எண்ணெய் டின் கசிகிறதா என்று தினமும் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்து போகிற வண்டியின் சக்கரத்தை நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது கையால் அசைத்துப் பார்த்திருப்போம்? நாங்களும் பார்த்ததில்லை. பார்க்காததற்கு விலை கொடுத்தோம். அதுவும் எங்கள் கையிலிருந்து போகவில்லை, எங்களிடம் வேலை செய்யும் பையனின் கையிலிருந்து போனது. அதனால்தான் மளிகைக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் இந்தச் சங்கதியை நம் இதழில் எழுதத் துணிந்தோம்.

சேந்தமங்கலம் பக்கத்து மொத்த வியாபாரிகளுக்குக் கொல்லிமலை பழைய வாடிக்கை. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டால் சோளக்காடு, செம்மேடு வரை டெம்போ போய்விடும். மூட்டைச் சரக்குகள் அதில் போகின்றன. ஆனால் மலைமேல் கடை என்றால் செம்மேட்டுக் கடை மட்டும் அல்ல. வாழவந்திநாடு, தின்னனூர்நாடு, குண்டூர்நாடு என்று பரந்து கிடக்கும் ஊர்களில், வீட்டுத் திண்ணையிலேயே கடை வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. பெரிய சாலையிலிருந்து பிரிந்து அந்தக் கடைகளுக்குப் போகும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் பல இடங்களில் மண்ணும் உருட்டுக் கல்லும்தான். மழைக்காலத்தில் நடுவே ஓடைகூடக் குறுக்கிடும். தேயிலைத்தூள், சோப்பு, பிஸ்கட், மசாலாப் பொட்டலம், எண்ணெய் பாக்கெட் ஆகியவற்றைக் கொண்டு போவதும், பழைய பாக்கியை வசூல் செய்து வருவதும் இருசக்கர வண்டியில்தான்.

இதற்கென்றே மண்பாதை வண்டி ஒன்று வாங்கினோம். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம், இரண்டும் கம்பிச் சக்கரம், உயரமான உடம்பு. சாதாரண வண்டி திணறும் இடத்தில் இது ஆட்டைப்போல் ஏறியது. ‘மலைக்கென்றே செய்த வண்டி, இதற்கு என்ன கேடு வரும்’ என்று இருந்துவிட்டோம்.

2023ஆம் ஆண்டு ஐப்பசி. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வண்டி ஓட்டும் தம்பி, “பின் சக்கரத்துல கரகரன்னு சத்தம் வருதுங்க முதலாளி” என்றான். “செயினுக்கு எண்ணெய் விடு, தீபாவளி முடியட்டும், பார்த்துக்கலாம்” என்றோம். நாலு நாள் கழித்து மறுபடி சொன்னான். அப்போதும் அதே பதில். நம் தொழிலில் அந்த மூன்று வாரத்தில் வண்டி ஒருநாள் நின்றால் எவ்வளவு சரக்கு தேங்கும் என்பது வாசகர்கள் அறியாததல்ல. மூன்றாம் முறை அவன் எங்களிடம் சொல்லவில்லை. தன் கைக்காசைப் போட்டு, வழியில் இருந்த ஒரு பட்டறையில் அவசரமாகப் பேரிங் மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். சத்தம் நின்றது. எங்களுக்கும் நிம்மதி.

பத்தாம் நாள், சரக்கு இறக்கிவிட்டு மண்சரிவில் இறங்கும்போது பின் சக்கரம் பக்கவாட்டில் அடித்து, பிரேக் பிடித்த இடத்தில் வண்டி குறுக்கே திரும்பி விழுந்தது. அவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. வளைவில் எதிரே வண்டி எதுவும் வராதது தெய்வச் செயல். மருத்துவச் செலவையும் ஆறு வாரச் சம்பளத்தையும் கொடுத்தோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கொடுக்க வேண்டியதுதான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாயார்தான், “ரெண்டு தடவை சொன்னானாமுங்களே” என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை.

நிற்க. வண்டியைக் கொண்டுவந்து, எங்களுக்கு நெடுநாள் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சக்கரத்தைப் பிரிக்கச் சொன்னோம். கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். அன்று கண்டதும் அதன்பின் கற்றதும்தான் கீழே வருவன.

பேரிங் என்பது என்ன?

சக்கரத்தின் நடுக்குடத்தை ஹப் என்கிறோம். அதன் இருபுறமும் ஒவ்வொரு பேரிங் அடித்து இறக்கப்பட்டிருக்கும். வெளி வளையம் ஹப்போடு சேர்ந்து சுற்றும். உள் வளையம் ஆக்ஸிலோடு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு எஃகு உருண்டைகள் கிரீசில் ஓடும். ஓட்டுபவர், சரக்கு, வண்டி மூன்றின் பாரமும் கடைசியில் இந்த உருண்டைகள்மேல்தான் வந்து விழுகிறது.

பலர் அறியாத செய்தி ஒன்று. நம் வண்டியின் பின் சக்கரத்தில் பேரிங் இரண்டல்ல, மூன்று. செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தாங்கும் தனிக்குடத்தில் மூன்றாவது இருக்கிறது. பட்டறையில் இரண்டை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவதுண்டு. செயின் இழுக்கும் இழுப்பு முழுவதும் அந்தப் பக்கம் வருவதால், தேய்வதும் அதுவே முன்னால் தேயும். எல்லா வண்டியிலும் இந்த அமைப்பு இருக்காது. பிரிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பேரிங் தானாகச் சாவதில்லை, தண்ணீர்தான் கொல்கிறது என்றார் மெக்கானிக். ஓடையில் ஹப் மூழ்கும் அளவுக்கு வண்டியை இறக்கினால், சூடான ஹப் குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சேறு ஆயில் சீலின் உதட்டில் ஒட்டி, காய்ந்து, உப்புக் காகிதம்போல் ரப்பரைத் தேய்க்கும். இவை இரண்டும் மலையில் தவிர்க்க முடியாதவை. ஆனால் தவிர்க்கக் கூடிய மூன்றாவது ஒன்றைத்தான் நாங்கள் வாராவாரம் செய்துகொண்டிருந்தோம். அது வாட்டர் சர்வீஸ். சேறு போக வேண்டுமென்று அழுத்தக் குழாயை நேராக ஹப்பின்மேல் பிடித்து அடிப்பார்கள். மழைநீரையும் தூசியையும் தடுக்கச் செய்த சீல் அந்த வேகத்தைத் தாங்காது. வண்டி பளபளவென்று வரும், கிரீஸ் கழுவப்பட்டிருக்கும். இப்போது எங்கள் வண்டிக்கு வாளித் தண்ணீரும் பிரஷும்தான். செயினை விறைப்பாக இறுக்குவதும் பின் பேரிங்குக்குப் பகை. சரக்கு ஏறி ஷாக் அமுங்கும்போது செயின் இன்னும் விறைக்கும் என்பதை மறந்து, வெறும் வண்டியில் டிக்கென்று இறுக்கி அனுப்புகிறார்கள். அளவுக்கு மீறிய சுமையைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் உபதேசம் செய்துகொள்ள வேண்டியதில்லை. வண்டி தாங்கும் எடை எவ்வளவு என்பது வாங்கும்போது கொடுத்த கையேட்டிலேயே இருக்கிறது.

காதை நம்ப வேண்டாம்

சத்தம் கேட்டபின் பார்க்கலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் சத்தம், செயின் சத்தம், பெட்டிச் சரக்கு குலுங்கும் சத்தம் எல்லாவற்றையும் மீறிப் பேரிங் சத்தம் கேட்கிறது என்றால், உள்ளே உருண்டை ஓடும் தடம் ஏற்கெனவே உரிந்து போயிருக்கும். கையால் பார்ப்பதே சரி.

சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்த வேண்டும். மண்பாதை வண்டிகளில் பெரும்பாலும் சென்டர் ஸ்டாண்டு இருக்காது. எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகட்டின்கீழ் கனமான மரக்கட்டை கொடுத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து, ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்துப் பாருங்கள். பின்பு கைகளை மாற்றித் தள்ளுங்கள். ‘டொக்’ என்று ஒரு சிறு ஆட்டம் கையில் தட்டினால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் முன் சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தவுடனே பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. சக்கரத்தோடு சேர்ந்து போர்க்கும் முன்னும் பின்னும் ஆடினால் கோளாறு ஹேண்டில்பார் கழுத்திலுள்ள பேரிங்கில். போர்க் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால்தான் சக்கரப் பேரிங். அதேபோல் பின்னால், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சேர்ந்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, போர்க்கின் அடியில் ஆக்ஸிலை ஒட்டி விரல் வைத்தால் கரகரப்பு விரலுக்குத் தெரியும். டிஸ்க் பிரேக் உரசும் ஓசையால் குழப்பம் வரும். தளர்ந்த கம்பியும் டிக் டிக் என்று அடிக்கும். ஐயம் தீர வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி, உள் வளையத்தில் சுட்டுவிரலை விட்டு மெல்லத் திருப்ப வேண்டும். நல்ல பேரிங் வெண்ணெயில் திரும்புவதுபோல் திரும்பும். போன பேரிங் கல் மாட்டிய திரிகைபோல் தட்டித் தட்டி நிற்கும். சீலை நீக்கினால் காப்பிக் கஷாய நிறத்தில் துருநீர் ஒழுகும். எங்கள் வண்டியின் மூன்றாவது பேரிங்கிலிருந்து அதுதான் ஒழுகியது.

எண்ணைப் படித்து வாங்குங்கள்

பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அது குருட்டு எண் அல்ல. உதாரணத்துக்கு 6202 என்றிருந்தால், 6 என்பது ஒற்றை வரிசை உருண்டை வகை. 2 என்பது அதன் பருமன் வரிசை. கடைசி 02 உள்துளை 15 மி.மீ. என்பதைக் குறிக்கும். 00 என்றால் 10, 01 என்றால் 12, 03 என்றால் 17 மி.மீ. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும், 04 என்றால் 20 மி.மீ. 6202க்கு வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6302க்கும் உள்துளை அதே 15 தான், ஆனால் வெளிவிட்டம் 42, அகலம் 13. ஆகவே ‘ஆக்ஸில் நுழைகிறது, இது சரியாக இருக்கும்’ என்று கடையில் சொன்னால் நம்பிவிடக்கூடாது. பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுபோய் எண்ணுக்கு எண் ஒத்துப் பார்த்து வாங்குவதே முறை.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இசட்இசட் என்றால் இருபுறமும் தகரத் தட்டு. தூசிக்குப் போதும், சேற்றுத் தண்ணீருக்குப் போதாது. 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல். சில கம்பெனிகள் இதையே டிடியு என்றும் எல்எல்யு என்றும் போடும். மண்பாதை வண்டிக்கு இந்த ரப்பர் சீல் வகைதான் ஏற்றது. சி3 என்று இருந்தால் உள்ளே உருண்டைக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது என்று பொருள். கையேடு கேட்டிருந்தால் மட்டும் அதை வாங்கலாம்.

போலியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகில் பப்பாளி விதை கலந்து வந்தால் கையில் அள்ளிய மாத்திரத்தில் கண்டுபிடிக்கிற நாம், பேரிங் கடையில் ஏமாந்து நிற்கிறோம். பெயர் பெற்ற கம்பெனிகளின் அட்டைப்பெட்டியை அப்படியே அச்சடித்து, உள்ளே மட்டமான சரக்கை வைத்து விற்பது எங்கும் நடக்கிறது. எழுத்து மங்கலாக இருப்பது, பெட்டியிலுள்ள எண்ணும் பேரிங்கிலுள்ள எண்ணும் ஒத்துப்போகாதது, மற்ற கடைகளைவிடப் பாதி விலை சொல்வது இவையெல்லாம் அடையாளங்கள். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில், ஜிஎஸ்டி எண்ணோடு பில் போட்டு வாங்குவது ஒன்றே வழி. சில நூறு ரூபாயில் முடிகிற பொருளில் ஐம்பது மிச்சம் பிடிக்கப் பார்ப்பது நம் வர்க்கத்துக்கே உள்ள வியாதி. எங்களுக்கும் இருந்தது. ஆயில் சீலையும் கூடவே புதிதாக வாங்கிவிட வேண்டும். பழைய சீலைத் திரும்பப் போடுவது, ஓட்டை மூட்டையில் புதுச் சர்க்கரை கொட்டுவதற்குச் சமம்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

ஆக்ஸிலை உருவும்போது அதன் இருபுறமும் சிறு புஷ்கள் விழும். வலப்பக்கத்தது வேறு, இடப்பக்கத்தது வேறு. விழுந்த வரிசையிலேயே ஒரு காகிதத்தின்மேல் வைத்துவிட்டால் பிறகு சண்டை வராது. சக்கரம் வெளியே இருக்கும்போது டிஸ்க் பிரேக்கை மட்டும் யாரும் அழுத்தக்கூடாது. சீலை நெம்பி எடுத்தபின், பேரிங்கின்மேல் லாக் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருப்பது தெரியாமல் அடித்தால் ஹப்பே உடையும். ஹப்பின் இருபுறமும் கட்டை கொடுத்து, டிஸ்க் தரையில் படாமல் சக்கரத்தைப் படுக்கவைத்து, உள்ளிருந்து கம்பி கொடுத்து அந்தப்புறம் ஒரு தட்டு, இந்தப்புறம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினால் நேராக இறங்கும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு ஹப்பின் சுவரைச் சுரண்டிவிடும்.

வராமல் அடம் பிடித்தால் சுத்தியலைப் பெரிதாக்க வேண்டியதில்லை. ஹப்பைச் சுடவைத்தால் போதும். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். எங்கள் மெக்கானிக் சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன் வைத்து, துப்பினால் சுர்ரென்னும் அளவுக்குச் சூடாக்கினார். புதுப் பேரிங்குகளை முதல்நாள் இரவே எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருந்தார். வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத இடமில்லை. சூடான குடத்தில் குளிர்ந்த பேரிங் பாதித் தூரம் கை அழுத்தத்திலேயே இறங்கிவிட்டது.

புதுப் பேரிங்கை இறக்கும்போது தட்டு விழ வேண்டியது வெளி வளையத்தின்மேல் மட்டுமே. அதே விட்டமுள்ள பாக்ஸ் ஸ்பானர் குழலை வைத்து மெல்லத் தட்டுவார்கள். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி உருண்டைகள் வழியாகப் போய் ஓடுதடத்தில் குழி விழும். புதிதாகப் போட்ட பேரிங் ஒரே மாதத்தில் கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் குழிக்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் பிரினெல். 1900ஆம் ஆண்டில் எஃகு உருண்டையை அழுத்தி உலோகத்தின் கடினத்தை அளக்கும் முறையை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோஹன் ஆகஸ்ட் பிரினெலின் பெயர் அது. பழுதுக்குப் பெயராக நிற்பது அவருக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்குமா தெரியவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே, ஹப்பின் உள்ளே, ஓர் இரும்புக் குழாய் உண்டு. ஸ்பேசர் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது அந்த இறுக்கம் முழுவதையும் ஒரு உள் வளையத்திலிருந்து மறு உள் வளையத்துக்குக் கடத்துவது இந்தக் குழாய்தான். இது இல்லையென்றால் இறுக்க இறுக்க உள் வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, உருண்டைகள் நசுங்கி, சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் சக்கரத்தைப் பிரித்தபோது அந்தக் குழாய் இல்லை. பழைய பேரிங்கைத் தட்டியதில் குழாயின் விளிம்பு நசுங்கிப்போய் அதைத் தூக்கிப் போட்டார்களோ, திரும்ப வைக்க மறந்தார்களோ தெரியாது. நட்டை இறுக்கினால் சக்கரம் சுற்றவில்லை, ஆகவே சுற்றும் அளவுக்கு நட்டைத் தளர்த்தி அனுப்பியிருக்கிறார்கள். சக்கரமும் சுற்றியது, சத்தமும் இல்லை. பத்து நாள் மலைக் குலுக்கலில் நட்டு இன்னும் தளர்ந்தது. மீதியை மேலே சொல்லிவிட்டோம். அந்தப் பட்டறைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ‘ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுங்கள், கடையில் தேடுவார்கள்’ என்று அவரை அவசரப்படுத்தியது எங்கள் கடையின் அவசரம்தான்.

ஆகவே மாற்றுபவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, “நடுக் குழாய் வைத்தாயிற்றா?” என்ற ஒரு கேள்வி. முதல் பேரிங்கை அடி வரை இறக்கி, சக்கரத்தைத் திருப்பி, குழாயை வைத்து, அதன்பின் இரண்டாவதை இறக்க வேண்டும். எந்தப் பக்கம் முதலில் என்பதைக் கையேடு சொல்லும். இரண்டாவது பேரிங் குழாயைத் தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும், மேலும் அடித்து நெருக்கக்கூடாது. விரலை விட்டு அசைத்தால் குழாய் லொடலொடவென்று ஆடவும் கூடாது. பிறகு சீலின் உதட்டிலும் ஆக்ஸிலிலும் தண்ணீரில் கரையாத கிரீஸ் மெல்லிதாகப் பூசி மாட்ட வேண்டும். டிஸ்கில் கிரீஸ் பட்டுவிடக்கூடாது. செயின் தளர்வு சரியா, இருபுறக் குறியும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பார்த்து, நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்கினால், சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் நட்டைத் தளர்த்துவது தீர்வல்ல, மறுபடி பிரிக்க வேண்டும். வண்டியை எடுக்குமுன் பிரேக்கைப் பலமுறை அழுத்தி அது பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து அரைநாள் வேலை. அதைத்தான் நாங்கள் தீபாவளிக்குப் பின் என்று தள்ளி வைத்தோம்.

மணிக்கட்டு கூடியதும் தம்பி வேலைக்குத் திரும்பினான். ஈர நாளில் இன்னும் வலிக்கிறது என்கிறான். மாதாமாதம் அமாவாசையன்று கடைக்குப் பூசை போட்டு வண்டிச் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைப்பது நம் எல்லோர் வழக்கமும்தானே. இப்போது எங்கள் கடையில், பழம் வைக்குமுன் மூன்று வண்டிகளின் ஆறு சக்கரங்களையும் தூக்கி அசைத்துப் பார்க்கிறோம். பிடித்துக்கொள்வது நாங்கள், அசைத்துப் பார்ப்பது அவன். பார்த்த தேதியும், வண்டி ஓடிய கிலோமீட்டரும், பேரிங் எண்களும் கொள்முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறுகின்றன. போன அமாவாசைக்கு மலை வண்டியின் முன் சக்கரத்தில் லேசாக ஏதோ தட்டுகிறது என்றான். எங்கள் கைக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு, சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போகிறவரிடம் பேரிங் இரண்டுக்கும் சீல் இரண்டுக்கும் எண் எழுதிக் கொடுத்துவிட்டோம்.